நூல் படுக்கும் திசை

திசை

ஒரே கண்டிலிருந்து எடுத்த பச்சை பெர்ல் நூல். முறுக்குள்ளது, லேசாக மினுங்குவது. அதைக்கொண்டு கான்வாஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு சதுரங்களை நிரப்பினேன். ஒன்றில் தையல்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இன்னொன்றில் கிடையாகப் படுத்திருக்கின்றன. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் ஒன்று இளம்பச்சை, மற்றது பாசிப்பச்சை. துணியைக் கால் வட்டம் திருப்பினால் இரண்டும் நிறத்தை மாற்றிக்கொள்கின்றன.

தங்கை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நூலா பெரியம்மா?" என்றாள். ஒரே நூல்தான் என்றதும் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். அங்கே பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். இங்கே இருப்பது ஒரு நிறம் மட்டுமே. வெளிச்சம் நூலின் நீளவாக்கில் விழுந்தால் ஒரு விதமாகத் திரும்புகிறது, குறுக்காக விழுந்தால் வேறு விதமாகத் திரும்புகிறது. இதற்கு இரண்டாவது நூல் தேவைப்படவில்லை. கை திசையை மாற்றியது, அவ்வளவுதான்.

கான்வாஸில் எண்ணித் தைக்கும் நீடில்பாயின்ட் வேலையில் அலங்காரத் தையல்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சதுரங்களிடம்தான் என் மனம் போகிறது. ஒரு தையலைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சம் எங்கே தங்க வேண்டும், எங்கே வழுக்கிப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறோம். அலங்காரம் அதற்குப் பிறகு தானாக வருகிறது.

கட்டம்

கான்வாஸ் என்பது கஞ்சி போட்டு விறைப்பாக்கிய, இடைவெளி விட்டு நெய்த பருத்தித் துணி. ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளை என்பதுதான் அதன் கணக்கு. 13 துளைக் கான்வாஸில் ஒரு சதுர அங்குலத்துக்கு 169 சிறு தையல்கள் விழும். 18 துளையில் 324. ஊசி மொட்டை ஊசி. அது துணியைக் குத்துவதில்லை, நெசவாளி ஏற்கெனவே விட்டுவைத்த துளை வழியாகப் போய்வருகிறது.

சாதாரணப் பூத்தையலில் ஊசி விரும்பிய இடத்தில் இறங்கலாம். இங்கே முடியாது. இரண்டு துளைக்கு நடுவே ஓர் இடம் என்பதே கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கையிடம் மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று முடிவுகள்: எத்தனை இழையைத் தாண்டுவது, எந்தத் திசையில் தாண்டுவது, ஒரு தையலின் மேல் இன்னொன்று ஏறலாமா கூடாதா.

நெட்டுக்குத்தான தையலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு இழைகளைத் தாண்டும் தையல், அடுத்தது ஓர் இழை கீழே தள்ளித் தொடங்கும். இது செங்கல் தையல். ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று மாறி மாறிப் போட்டால் பாரிஸ் தையல். இரண்டு, நான்கு, இரண்டு என்று மூன்றை ஒரு கூட்டமாகப் போட்டு ஒரு துளையை விட்டுவிட்டு அடுத்த கூட்டம் தொடங்கினால் ஹங்கேரித் தையல். சிறு சிறு சாய்சதுரங்களாகத் துணி நிறையும். நான்கு இழைகளைத் தாண்டும் தையல்களை இரண்டிரண்டு இழையாக ஏற்றி இறக்கிக்கொண்டே போனால் தீச்சுடர் எழும்புகிறது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டு நாற்காலிகள் சில இருக்கின்றன. அவற்றின் உறைகளில் இந்தச் சுடர்த் தையல் இருப்பதால் இந்த வகை வேலைக்கே பார்ஜெல்லோ என்று பெயர் வந்துவிட்டது.

நான்கும் நேராக நிற்கும் ஒரே தையல்தான். நீளத்தையும் தொடங்கும் துளையையும் மாற்றினோம், வேறொன்றும் செய்யவில்லை. குறைந்த சொற்களில் எழுதப் பழகுகிறவருக்கு ஒரு சொல்லின் இடம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்கும். ஓர் இழை தள்ளித் தொடங்கினால் முகமே மாறிவிடுகிறது என்பதை விரல்கள் இங்கே கற்றுக்கொள்கின்றன.

எளிய தையல்

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டென்ட் தையல். இழைகள் சந்திக்கும் ஓர் இடத்தைக் கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குச் சாய்வாகத் தாண்டும் மிகச் சிறிய தையல். முன்பக்கம் பார்த்தால் ஒரே மாதிரிதான், பின்பக்கம் மூன்று விதமாக இருக்கலாம். வரிவரியாகப் போட்டுக்கொண்டே போனால் துணி ஒரு பக்கமாக இழுபட்டு, சதுரம் சாய்ந்துபோகும். மூலைவாட்டில் ஏறி இறங்கிப் போட்டால் பின்பக்கம் கூடை முடைந்ததைப் போல அமைந்து, துணி நிலைகுலையாமல் இருக்கும். பாஸ்கெட்வீவ் என்று பெயர்.

அதில் நான் மிகவும் நேசிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. கான்வாஸை உற்றுப் பார்த்தால், இழைகள் சந்திக்கும் இடங்களில் ஓரிடத்தில் நெட்டிழை மேலே வந்திருக்கும், அடுத்ததில் கிடையிழை மேலே வந்திருக்கும். மூலைவாட்டில் பார்த்தால் ஒரு வரிசை முழுக்க நெட்டிழை, அடுத்த வரிசை முழுக்கக் கிடையிழை. நெட்டிழை மேலே இருக்கும் வரிசையில் கீழ்நோக்கித் தைக்க வேண்டும். கிடையிழை மேலே இருக்கும் வரிசையில் மேல்நோக்கி. தைப்பவர் எழுந்து போய் மறுநாள் வந்து உட்கார்ந்தாலும், எந்தத் திசையில் விட்டுப் போனோம் என்பதைத் துணியே சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு வரிசைகள் ஒரே திசையில் போனால் முன்பக்கத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று தெரியும். பழகிய கண் அதை உடனே கண்டுகொள்ளும்.

நெசவு தன் போக்கைச் சொல்கிறது, தையல் அதைக் கேட்கிறது. அலங்காரத் தையல்களுக்கு ஆசைப்படும் ஒவ்வொருவரும் முதலில் இந்தக் கேட்டலில் நெடுநாள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிறையில் ஒரு பூனை

ஸ்காட்லாந்தின் அரசி மேரி 1569 முதல் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்தார். அந்தப் பிரபுவின் மனைவி ஹார்ட்விக் பெஸ். இரண்டு பெண்களும் கான்வாஸ் துணியில் பட்டு நூலால் விலங்குகள், பறவைகள், மீன்கள், செடிகள் என்று வில்லை வில்லையாகத் தைத்தார்கள். பல உருவங்களுக்கு மூலம் கான்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞரின் விலங்கியல் நூலில் இருந்த மரச்செதுக்குப் படங்கள். அந்த வில்லைகள் பல இன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்பரோ மாளிகையில் திரைச்சீலைகளாகத் தொங்குகின்றன.

எடின்பரோவின் ஹோலிரூட்ஹவுஸ் அரண்மனையில் மேரி தைத்த பூனை ஒன்று இருக்கிறது. செம்பட்டை நிறம். அதன் பக்கத்தில் ஓர் எலி. கெஸ்னரின் படத்தில் எலி இல்லை, மேரி சேர்த்தது. தன்னைக் காவலில் வைத்திருந்த, செம்பட்டைத் தலைமுடிக்காரியான இங்கிலாந்து அரசி எலிசபெத்தையும் தன்னையும் நினைத்துத்தான் தைத்தார் என்று அதைப் பலர் வாசிக்கிறார்கள்.

என்னை ஈர்ப்பது வேறொன்று. அந்த வேலைகளில் தையல் வகைகள் மிகக் குறைவு. டென்ட் தையலும் குறுக்குத் தையலும்தான் பெரும்பகுதி. அப்படியிருந்தும் பூனையின் முதுகு வளைகிறது, முகத்தில் கூர்மை இருக்கிறது. உருவத்தைத் தாங்கும் வலிமை எளிய தையலுக்கு எப்போதும் உண்டு. ஆகவே ஓர் இடத்தில் அலங்காரத் தையல் வந்தால், எளிய தையலால் சொல்ல முடியாத எதையோ அது சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பார்ப்பது

இப்போது சட்டத்தில் கட்டியிருப்பது ஓர் ஓட்டு வீடு. பின்னால் குன்று, முன்னால் குளம், மேலே வானம். கோடுகள் மட்டும் வரைந்திருக்கிறேன். எந்த இடத்துக்கு எந்தத் தையல் என்பது இன்னும் முடிவாகவில்லை. நூலைத் தொடாமல் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

வானம் படுத்திருக்கிறது. அதற்குக் கிடைத்தையல். பாரிஸ் தையலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் குட்டையும் நெட்டையுமாக வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து எங்கும் கோடு விழாமல் பரவும். வானத்தில் கட்டம் தெரிந்தால் அது சுவராகிவிடும்.

ஓடு வரிசையாக இறங்குகிறது. மூன்று இழை உயரத்தில் சாய்ந்த கோப்லான் தையலை வரிவரியாகப் போட்டால் ஒவ்வொரு வரியும் ஓட்டின் ஒரு வரிசையாகும். வரிகளுக்கு நடுவே இயல்பாக விழும் பள்ளத்தில் நிழல் தங்கும், அதனால் தனியாகக் கருப்புக் கோடு போட வேண்டியதில்லை.

குன்று தூரத்தில் இருக்கிறது. தூரம் என்றால் சிறிய தையல். இரண்டுக்கு இரண்டு இழைச் சதுரத்தில் ஒரு குட்டை, ஒரு நெட்டை, ஒரு குட்டை என மூன்றே தையல் கொண்ட மொசைக் போதும். அதையே பெரிதாக்கி மூன்றுக்கு மூன்று சதுரத்தில் ஐந்து தையலாக்கினால் ஸ்காட்ச் தையல். அதைக் குன்றில் வைத்தால் குன்று வீட்டுக்கு முன்னால் நடந்து வந்துவிடும்.

குளத்தில் நீர் அசையாமல் கிடக்கிறது, ஆனால் மினுங்குகிறது. வீட்டையும் குன்றையும் கம்பளி நூலில் போட்டுவிட்டுக் குளத்தை மட்டும் பட்டு நூலில், ஒழுங்கில்லாத நீளங்களில் கிடையாகப் போடலாம். கம்பளி வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், பட்டு அதைத் திருப்பியனுப்பும். சுற்றிலும் மங்கல் இருந்தால்தான் மினுக்கத்துக்கு மதிப்பு.

வீட்டுச் சுவர் டென்ட் தையல். சுண்ணாம்புச் சுவருக்கு அதுவே பொருத்தம்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், பொருள்கள் எப்படி இருக்கின்றன என்பதைவிட எப்படி நிற்கின்றன, எப்படிப் படுக்கின்றன, எப்படி ஓடுகின்றன என்பதைப் பார்க்கப் பழகிவிடுகிறோம். தெருவில் நடக்கும்போதும் இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. வேப்ப மரத்தின் பட்டையைப் பார்த்தால் நெட்டுக்குத்தான, நீளம் ஒவ்வாத தையல்கள் தெரிகின்றன.

புடைப்பும் நிழலும்

சில தையல்கள் துணியைவிட்டு எழுகின்றன. ஸ்மிர்னா தையலில் ஒரு சாய்ந்த குறுக்கின் மேல் ஒரு நேர்க் குறுக்கு ஏறுகிறது. நான்கு தையலில் ஒரு சிறு குமிழ். மேரி ரோட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் பெயர் தாங்கிய ரோட்ஸ் தையல் இன்னும் உயரமானது. ஆறுக்கு ஆறு இழைச் சதுரத்தின் ஒரு விளிம்பிலிருந்து நேர் எதிர் விளிம்புக்கு நூலைப் போட்டு, ஒரு துளை நகர்த்தி மறுபடி போட்டு, சுற்றிக்கொண்டே வர வேண்டும். 12 தையலில் சதுரம் முடியும்போது நடுவில் ஒரு சிறு கோபுரம் நிற்கும். எல்லாத் தையலும் நடுவில் சந்திப்பதால் எழும் கோபுரம் அது.

இதற்கு நேர்மாறானது கண் தையல். நான்குக்கு நான்கு இழைச் சதுரத்தின் விளிம்புத் துளைகள் 16இலிருந்தும் நூல் நடுவில் உள்ள ஒரே துளைக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஏறி நடுவில் இறங்க வேண்டும். நடுவில் ஏறினால் ஊசி ஏற்கெனவே அடங்கிய நூல்களைக் கலைத்துவிடும். ஒரே அழுத்தத்தில் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் நடுத்துளை அகன்று வட்டமாகிறது. ரோட்ஸில் நூல் குவிந்து மேடானது, இங்கே நூல் விலகிப் பள்ளமானது.

மேடும் பள்ளமும் நிறத்தை மாற்றுகின்றன. ஒரே நீலத்தில் நீண்ட தையல் வெளிறித் தெரியும், நெருக்கமான குறுக்குத் தையல் கருத்துத் தெரியும், ஏனென்றால் குறுக்குகளின் இடுக்குகளில் நிழல் உட்கார்ந்துகொள்கிறது. நிழல் வேண்டிய இடத்தில் அடர்நிற நூலைத் தேடுவதற்கு முன் தையலை மாற்றிப் பார்ப்பது நல்லது.

தொட வேண்டும் என்று கை நீள்வது புடைப்பைப் பார்த்துத்தான். ஆனால் புடைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கினால் எதுவும் உயரமாகத் தெரியாது. ஒரு ரோட்ஸ் சதுரத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வரி டென்ட் தையல் இருந்தால் அது கோபுரம். ரோட்ஸ் சதுரங்களே துணி முழுக்க இருந்தால் அது தரை.

நீலகிரியின் கணக்கு

கான்வாஸ் இல்லாமலும் இதே கணக்கைப் போடும் கைகள் நம் நீலகிரியில் உண்டு. தோடர் பெண்கள் வெண்ணிறப் பருத்திப் போர்வையில் சிவப்பு, கருப்பு நூல்களால் தைக்கும் வேலை இழைக் கணக்கை மட்டுமே நம்பியது. துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் கட்டுவதுமில்லை. விரலால் தடவி இழைகளை எண்ணியே வடிவம் பிறக்கிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதில் நான் வியந்து நிற்பது நூலை முழுக்க இழுத்து இறுக்காமல் விடும் பழக்கத்தைப் பார்த்து. ஊசி திரும்பும் இடங்களில் நூலைக் கொஞ்சம் தளர்த்தி விடுகிறார்கள். அந்தத் தளர்ச்சி சிறு புடைப்பாகத் துணியில் நிற்கிறது. தைத்த பகுதி முழுவதும் கைக்குத் தடிப்பாக, செறிவாகப் படுகிறது. ஐரோப்பியக் கைகள் தனித்தனிப் பெயருள்ள தையல்களால் தேடிய புடைப்பை, இவர்கள் நூலின் இழுவையில் கண்டுகொண்டார்கள். இறுக்கமும் தளர்ச்சியும்கூடத் தைப்பவரின் கையில் உள்ள முடிவுதான் என்பதை இந்தப் போர்வைகளைப் பார்த்துத்தான் நான் முழுக்க உணர்ந்தேன்.

மாதிரித் துணி

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு லினன் துணி இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது. 1598 என்று ஆண்டும் அதிலேயே தைத்திருக்கிறார். ஆண்டு குறித்த ஆங்கில மாதிரித் துணிகளில் இதுவே மிகப் பழையது. எழுத்துகள், விலங்குகள், செடிகள், அவற்றோடு பலவிதக் கட்டங்களை நிரப்பும் தையல்கள். தையல் புத்தகங்கள் அச்சில் பெருகாத காலத்தில் ஒரு பெண் தான் கண்ட தையலை மறக்காமல் இருக்க இப்படி ஒரு துணியில் போட்டு வைத்துக்கொள்வாள். அது அவளுடைய குறிப்பேடு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வேறொரு வழக்கம் பிறந்தது. கட்டத்தாளில் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் பூசி விற்றார்கள். ஒரு கட்டம் ஒரு தையல். நிறத்தைப் பார்த்து எண்ணிப் போட்டால் ரோஜா மலர்ந்துவிடும். இந்த வேலை அதன் மூலம் பல்லாயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அது பெரிய நன்மை. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, கண்ணைப் பறிக்கும் நிறங்களும் கம்பளி நூலுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் வேலை முழுவதையும் நிறமே செய்யத் தொடங்கியபோது தையல் வகைகள் சுருங்கின. பெரும்பாலான துணிகளில் குறுக்குத் தையலும் டென்ட் தையலும் மட்டுமே மிஞ்சின. கிளியின் இறகுக்கும் நாயின் ரோமத்துக்கும் மட்டும் நூலை வளையமாக விட்டு, வெட்டிச் சீவி, வெல்வெட்டைப் போல எழுப்பினார்கள்.

என்னிடமும் ஒரு மாதிரித் துணி இருக்கிறது. புதிதாக ஒரு தையல் கற்றால் அதில் மூன்று விரல் அகலத்துக்குப் போட்டுவைப்பேன், ஒருமுறை கம்பளியிலும் ஒருமுறை பருத்தியிலும். புத்தகப் படத்தில் அழகாக இருந்தது என் நூலில், என் கான்வாஸில் எப்படி இருக்கும் என்று தைத்துப் பார்க்காமல் தெரியாது. 13 துளையில் கம்பீரமாக இருக்கும் ஒரு தையல் 18இல் நறுவிசாகிவிடும். இந்தத் துணியை யாருக்கும் பரிசளிக்க முடியாது, சுவரில் மாட்ட முடியாது. ஆனாலும் என் வேலைகளில் எனக்கு மிகவும் வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நூலோடு இருத்தல்

கம்பளி நூலுக்குப் போக்கு உண்டு. இரு விரலுக்கு நடுவே ஒரு பக்கமாக நீவினால் வழவழப்பாகப் போகும், எதிர்ப்பக்கம் நீவினால் சொரசொரக்கும். வழவழப்பான போக்கிலேயே துளைகளில் போய்வரும்படி ஊசியில் கோத்தால் ரோமம் எழும்பாது, நூல் சீக்கிரம் நையாது. ஒரு முழம் நூலே போதும். நீளமாக எடுத்தால் துளைக்குத் துளை தேய்ந்து கடைசிப் பகுதி மெலிந்துவிடும்.

ஆறு பிரிப் பருத்தி நூலை அப்படியே கோத்தால் பிரிகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு முறுக்காகவே படுக்கும். ஒவ்வொரு பிரியாக உருவி எடுத்து, மறுபடி சேர்த்துக் கோத்தால் விரிந்து தட்டையாகப் படுக்கும். துளையில் நூல் இறங்கும் நேரத்தில் ஒரு மெல்லிய கூர்குச்சியால் பிரிகளை நீவிவிட்டால் அவை பக்கம் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடங்கும். ஒரு தையலுக்கு ஒரு நீவல். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் இந்த வகை நூலில் அந்தத் தட்டைத்தன்மையில்தான் திசை தெரிகிறது, முறுக்கிக்கொண்ட பிரிகளில் வெளிச்சம் சிதறிப்போகிறது.

இப்படிச் செய்யும்போது மூச்சு தானாக மெதுவாகிறது. நூலை முழுக்க இழுத்து முடிக்கும்வரை அடுத்த துளையைப் பற்றி நினைக்க இடமில்லை. எண்ணிக்கை கையில் இருக்கிறது, கவலைக்கு அங்கே இடம் கொஞ்சம்தான்.

விளிம்பு

அலங்காரத் தையலின் சோதனை விளிம்பில் வருகிறது. ஒரு வானத்தில் ஹங்கேரித் தையல் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது மரக்கிளையின் வளைவு குறுக்கே வரும். நான்கு இழை தாண்ட வேண்டிய இடத்தில் மூன்றுக்குத்தான் இடம். அடுத்த வரியில் ஒன்றுக்குத்தான். அங்கே தையலைக் குறுக்கிப் போட வேண்டும். எந்தத் தையல் எங்கே தொடங்கியிருக்க வேண்டுமோ அந்தத் துளைக்கணக்கு மாறக் கூடாது. அதன் நீளம் மட்டும் கிளையிடம் நின்றுவிட வேண்டும்.

கிளைக்கு மறுபக்கம் வானம் தொடரும்போது இது இன்னும் முக்கியம். கிளைக்கு அடியில் இல்லாத தையல்களையும் மனதில் எண்ணிக்கொண்டே போய், மறுபக்கத்தில் கணக்கு தவறாமல் வெளிவர வேண்டும். அப்படி வந்தால் வானம் கிளைக்குப் பின்னால் தொடர்ந்து போவதாகக் கண் நம்பும். வராவிட்டால் கிளையின் இருபுறமும் இரண்டு துண்டு வானங்கள்.

பார்ப்பவர் இந்தக் குறுக்கிய தையல்களைக் கவனிப்பதில்லை. ஆனால் வடிவம் சுத்தமாக நிற்பது அவற்றால்தான். ஒரு வேலையை எடைபோட வேண்டும் என்றால் நான் முதலில் விளிம்புகளைப் பார்க்கிறேன். நடுப்பகுதியை யாரும் அழகாகப் போடலாம். இடம் குறையும் இடத்தில் ஒழுங்கு குலையாமல் இருக்கிறதா என்பதில் கையின் பொறுமை தெரிந்துவிடும்.

வின்செஸ்டர்

லூயிசா பெசல் 1870இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். ஏதென்ஸில் தையல் பள்ளி ஒன்றை நடத்தினார், பல நாட்டுப் பழைய தையல்களைத் தேடி ஆராய்ந்து மாதிரிகளாகத் தைத்துப் புத்தகங்களாக வெளியிட்டார். முதல் உலகப்போரின்போது பிராட்ஃபோர்டில், போர் அதிர்ச்சியால் மனம் உலைந்த வீரர்களுக்குத் தையல் கற்பித்தார். துப்பாக்கி பிடித்து நடுங்கிய கைகளுக்கு ஊசியையும் எண்ணிக்கையையும் கொடுத்தார்.

1930களில் வின்செஸ்டர் பேராலயத்துக்காக அவர் எடுத்த வேலை என்னை அடிக்கடி நினைக்க வைக்கிறது. பாடகர் பகுதியின் இருக்கைகள் 14ஆம் நூற்றாண்டின் கருவாலி மரச் சிற்பங்கள் நிறைந்தவை. அவற்றுக்கு மெத்தைகளும், மண்டியிட்டு வேண்டுவதற்கான திண்டுகளும் வேண்டும். 1931இல் தன்னார்வலர்களைக் கூட்டி வேலையைத் தொடங்கினார். மெத்தைகளின் நடுவட்டங்களில் வின்செஸ்டரின் வரலாற்றுக் காட்சிகள் வந்தன, அவற்றை சிபில் பிளண்ட் வரைந்தார். சுற்றியுள்ள பகுதிகளையும் திண்டுகளையும் பெசல் தான் திரட்டிவைத்திருந்த தையல்களால் நிறைத்தார். 1936 வரை நூற்றுக்கணக்கான திண்டுகளும் மெத்தைகளும் உருவாயின. நீலம் தூக்கலாக, எண்ணிவைத்த சில நிறங்கள் மட்டும். பலர் கை பட்டும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

தைத்தவர்களில் பலர் அதற்கு முன் கான்வாஸைத் தொட்டதில்லை. குறுக்குத் தையல், அதன் ஒரு கை நீண்ட வகை, அரிசித் தையல், கண் தையல் என்று படிப்படியாகக் கற்றார்கள். அரிசித் தையலில் ஒரு பெரிய குறுக்கின் நான்கு முனைகளையும் நான்கு சிறு சாய்தையல்கள் அழுத்திப் பிடிக்கின்றன. நூல் தளராது, எளிதில் தேயாது. மண்டியிடும் திண்டுக்கு அதைவிடப் பொருத்தமான தையலை யோசிக்க முடியவில்லை. நீண்டு கிடக்கும் பட்டுத் தையல் அங்கே ஒரு மாதம் தாங்காது, உடையின் பொத்தானில் சிக்கி இழுபடும். பயன்படும் விதமே தையலைத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்ந்தது அழகாகவும் இருந்தது.

தன் பெயரைக் காட்டிக்கொள்ள ஒவ்வொருவரும் ஆசைப்பட்டிருந்தால் அந்த நீலம் சிதறியிருக்கும். அவர்கள் தையலைத் தங்களைவிடப் பெரிதாக வைத்தார்கள்.

எழுதி வைக்கும் விதிகள்

ஓட்டு வீட்டுத் துணியை நாளை தொடங்குகிறேன். அதற்கு முன் இவற்றை எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருளின் போக்கைப் பார். படுத்ததற்குக் கிடைத்தையல், நின்றதற்கு நெட்டுத்தையல், இரண்டும் இல்லாததற்குச் சாய்வு.

தூரத்தில் சிறிது, பக்கத்தில் பெரிது. முகத்துக்கு எப்போதும் டென்ட் தையல்.

புடைப்பு ஒரு துணியில் ஓரிரு இடத்தில் இருந்தால் போதும். அதைச் சுற்றி விடும் அமைதியான பகுதிக்கும் அதே அளவு கவனம் கொடு.

சுவரில் தொங்குமா, மேலே உட்காருவார்களா என்று கேட்டுவிட்டுத் தையலின் நீளத்தை முடிவு செய்.

புதிய நிறம் வாங்கும் முன், கையில் உள்ள நூலை வேறு திசையில் போட்டுப் பார்.

தெரிந்த தையல்கள் எல்லாவற்றையும் ஒரே துணியில் காட்ட வேண்டியதில்லை. தேவைப்படும் துணி ஒருநாள் வரும், அதுவரை அவை மாதிரித் துணியில் இருக்கட்டும்.